யுபியு மெரிட்: புறப்பாடத்தின் 10 புள்ளி

கிள்ளான் – எஸ்டிபிஎம் தேர்வில் 3.75 சிஜிபிஏ பெற்ற பிள்ளைக்கு அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்குமா? மெரிட் கணக்கைப் பெற்றோரே வீட்டில் போட்டுப் பார்க்கலாம்.

3.75-ஐ 4-ஆல் வகுத்து 90-ஆல் பெருக்கினால் 84.38. புறப்பாட நடவடிக்கையில் 10-க்கு 8 இருந்தால் மெரிட் 92.38. அங்கே 4 மட்டுமே என்றால் 88.38. இந்த வித்தியாசத்தைப் படிப்பால் ஈடுகட்ட சிஜிபிஏ ஏறக்குறைய 0.18 உயர வேண்டும், லேசான காரியமல்ல. தோட்டத்துக்குத் திரும்ப பஸ் இருக்காதே என்று மாலை நேர நடவடிக்கைகளை விட்டுவிடும் பிள்ளைகள் இழப்பது இதைத்தான்.

யுபியு அகப்பக்கம் ஒவ்வொரு படிப்புக்கும் காட்டுவது சராசரி மெரிட், வெட்டுப்புள்ளி அல்ல. அதற்குக் கீழே இருந்தவர்களும் நுழைந்திருப்பார்கள், விண்ணப்பிக்கத் தயங்க வேண்டாம். மருத்துவத்துக்கு நேர்முகத் தேர்வும் சேரும். அங்கே 92-உம் போதாமல் போகலாம்.