நாய்க்கு ஒரு எக்ஸ்ரே

கொடைக்கானலில் நாய் வளர்ப்பவர்களுக்கு இரண்டு பயம். ஒன்று, சீசன் நேரத்து வண்டிகள். மற்றது, ஊருக்குள்ளேயே வந்து மேயும் காட்டு மாடு. அதைப் பார்த்துக் குரைக்காமல் இருக்கும் நாய் ஏது? எதில் அடிபட்டாலும் வீட்டில் எழும் முதல் பேச்சு, "ஒரு எக்ஸ்ரே எடுத்துடலாம்" என்பதுதான்.

1895இல் ராண்ட்ஜன் கண்டறிந்த அதே கதிர்தான் நாய்க்கும். குழாய்க்குள் எலெக்ட்ரான்கள் டங்ஸ்டனில் மோதுகின்றன. அந்த ஆற்றலில் 100க்கு 99 பங்கு சூடாகவே போய்விடும்; மிச்சம்தான் எக்ஸ் கதிர். கால்சியம் நிறைந்த எலும்பு அதைத் தடுப்பதால் படத்தில் வெள்ளையாக விழும். காற்று நிறைந்த நுரையீரல் கறுப்பாக விழும்.

நோயாளிதான் வேறு. "மூச்சைப் பிடி" என்றால் நாய் பிடிக்காது. வலிக்கிற காலை நீட்டவும் விடாது. அதனால்தான் பல சமயம் மயக்க ஊசி. பக்கவாட்டில் ஒன்று, மல்லாத்தி ஒன்று என்று குறைந்தது இரண்டு படம் வேண்டும். ஒரு கோணத்தில் நேராகத் தெரியும் எலும்பு, மறு கோணத்தில் விலகி நிற்கும். இரண்டாவது படத்துக்கும் காசா என்று டாக்டரை முறைக்காதீர்கள்.

முறிவும், விழுங்கிய கல்லும் ஊசியும் பளிச்சென்று தெரியும். துணியும் பிளாஸ்டிக் கவரும் பெரும்பாலும் தெரியாது. பேரியம் புகட்டியோ ஸ்கேன் செய்தோ தேட வேண்டும். சினை நாய்க்குச் சுமார் 45 நாளுக்குப் பிறகு குட்டிகளின் எலும்பு தெரியத் தொடங்கும். பிரசவம் நெருங்கும்போது மண்டையோடுகளை எண்ணிக் கணக்குச் சொல்லலாம். எனக்குப் பிடித்தது இதய அளவு. கோம்பை நாய்க்கும் பொமரேனியனுக்கும் ஒரே ஸ்கேல் எப்படிப் பொருந்தும்? அந்தந்த நாயின் முதுகெலும்புக் கணுக்களே ஸ்கேல். 1995இல் வெளியான முறை இது. இதயத்தின் நீளமும் அகலமும் சேர்ந்து ஏறத்தாழ பத்துக் கணு இருந்தால் பெரும்பாலான நாய்களுக்கு இயல்பு.

வண்டியில் அடிபட்ட நாயின் காலைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். உயிரை எடுப்பது பெரும்பாலும் நெஞ்சு. நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருக்கலாம், உதரவிதானம் கிழிந்திருக்கலாம். மூச்சு வாங்கும் நாயைப் படத்துக்காக மல்லாத்தினால் மேசையிலேயே உயிர் போய்விடலாம். முதலில் ஆக்சிஜன், படம் பிறகுதான்.

படம் எடுக்கும்போது நாயைப் பிடிக்கச் சொன்னால் ஈய ஏப்ரன் கேளுங்கள். அது சிதறி வரும் கதிரைத்தான் தடுக்கும்; நேர்க்கதிருக்குள் கை போகக் கூடாது. கர்ப்பிணிகளும் சிறுவர்களும் அறைக்கு வெளியே.

எக்ஸ்ரேக்காக வத்தலக்குண்டு வழியாகத் திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ இறங்குவதற்கு முன், பக்கத்துக் கால்நடை டாக்டரிடம் நாயின் மூச்சைக் காட்டி, வலிக்கு ஊசி போடச் சொல்லுங்கள். நாயைப் பலகையில் கிடத்துங்கள். மயக்கம் தர வேண்டியிருக்கலாம் என்பதால் தீனி வேண்டாம். போகும் இடத்தில் கருவி ஓடுகிறதா, படம் எடுக்க ஆள் இருக்கிறாரா என்று போனில் கேட்டுவிட்டு வண்டியை எடுங்கள்.