கத்தியும் அட்டையும்

சத்திரசிகிச்சையில் உயர்பட்டம் நாடிய நம்மவர் ஒருகாலத்தில் இலண்டனுக்கும் எடின்பரோவுக்கும் கப்பலேறினர். 1980இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் அமைந்தபின் அப்பயிற்சி பெரிதும் இங்கேயே நிகழ்கின்றது. கைத்திறன் சத்திரசிகிச்சைக்கூடத்திற் படியும். ஆராய்ச்சித்திறன் எங்கே படியும்?

குடலிறக்கத்துக்குச் சிகிச்சைபெற்ற கொட்டாஞ்சேனை முதியவர் ஒருவர் சுகமடைந்து வீடு செல்கிறார் எனக் கொள்வோம். ஓராண்டில் நோய் மீளவே, மகள் வீடிருக்கும் வெள்ளவத்தையில் வேறொரு வைத்தியரை நாடுகிறார். முதல் வைத்தியரோ தம் முறை பலித்ததென்றே நம்பியிருப்பார்.

இக்குறையை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பொஸ்ரன் நகரச் சத்திரவைத்தியர் ஏர்னெஸ்ற் கொட்மன் கண்டார். நோயாளி ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. ஓராண்டின்பின் விளைவையும், பிழைத்திருப்பின் காரணத்தையும் அதில் எழுதுக என்றார். சகவைத்தியர் பலர் வெகுண்டனர். வெகுளாமல் என்ன செய்வர்?

முகவரியும் மறுவருகைத் திகதியும் குறிப்பது எழுதுவினைஞர் வேலையென இளம் வைத்தியர் எண்ணுவதுண்டு. அவை இல்லையேல், அட்டையை நிரப்ப அம்முதியவரை எங்கே தேடுவது?