விலாவென்பும் மூச்சும்

உயிர்ப்பு என்னும் சொல் தமிழில் மூச்சையும் குறிக்கும், உயிரோடிருத்தலையும் குறிக்கும். இலக்கணம் பயில்வோர்க்கு இஃதோர் அழகிய சொல். வைத்தியம் பயில்வோர்க்கோ அதனுள் ஒரு பொறியே அடங்கிக் கிடக்கின்றது. யான் தமிழ் பயில்வோருள் ஒருவன். உடற்கூற்று நூலில் உனக்கென்ன வேலை என்று நண்பர் சிலர் நகைத்தனர். என்னை அந்நூலிடம் அனுப்பியது என் பாட்டனாரின் முதுகு.

எம்மூர் நாட்றம்பள்ளி. வாணியம்பாடியிலிருந்து கிருஷ்ணகிரி செல்லும் பெருவழியில், ஏலகிரி மலை கண்ணுக்கு எதிரே நிற்க அமைந்த ஊர். பாட்டனார் வாணியம்பாடித் தோல் மண்டி ஒன்றிற் கணக்கு எழுதியவர். மாலை வேளைகளில் மேற்சட்டையின்றித் திண்ணையில் அமர்ந்திருப்பார். அவருடைய இடப்பக்க விலாக்கள் உழுத நிலத்துச் சால்கள்போல் வரிசையாகத் தெரியும். வலப்பக்கமோ தோட்பட்டையின்கீழ் குழிந்து, வழுவழுவென்று, எண்ணுதற்கு ஒன்றுமின்றி இருக்கும். தோட்பட்டையைச் சுற்றி வளைந்து அக்குளை நோக்கிச் சென்ற நீண்ட தழும்பொன்றும் உண்டு. சிறுவனாகிய யான் அக்குழியில் விரலோட்டி எண்ண முயல்வேன். "இல்லாததை எத்தனை தரமடா எண்ணுவாய்?" என்பார். 1955ஆம் ஆண்டில், தம் 21ஆம் வயதில், க்ஷயரோகத்தின் பொருட்டு ஏழு விலாவென்புகளை இழந்தவர் அவர். 2016இல் இறக்கும்வரை அக்குழியுடனேயே வாழ்ந்தார். ஏழு என்புகளை எடுத்தால் நோய் ஏன் நீங்கும்? எடுத்தபின் மனிதன் மூச்சு விடுவது எங்ஙனம்? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடியதே இக்கட்டுரை.

முதலில் என் அறியாமை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆதாமின் விலாவென்பிலிருந்து ஏவாள் உருவாக்கப்பட்ட வரலாற்றை ஞாயிறு பள்ளியிற் கேட்டதுமுதல், ஆடவர்க்கு ஒரு விலா குறைவென்றே நெடுநாள் நம்பியிருந்தேன். இவ்வெண்ணம் ஐரோப்பாவிலும் பரவியிருந்ததாம். 1543இல் உடற்கூற்றுப் பெருநூலை வெளியிட்ட வெசாலியஸ் என்பார், ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் எண்ணிக்கை ஒன்றே என்று எழுதினார். இருபாலார்க்கும் பக்கத்திற்குப் பன்னிரண்டாக 24 விலாக்கள் உள. தந்தையின் உறுப்புக்குறை மக்களுக்கு வருவதில்லை என்பதை யான் அப்போதே எண்ணியிருக்கலாம். என் தந்தையார்க்கு விலா ஒன்றும் குறையவில்லை அன்றோ?

விலாக்கள் யாவும் முதுகந்தண்டின் பன்னிரண்டு மார்பு முள்ளெலும்புகளிலிருந்து புறப்படுகின்றன. மேலுள்ள ஏழு இணைகள் குருத்தெலும்பின் வாயிலாக நேரே மார்பெலும்பை அடைகின்றன. அடுத்த மூன்றும் தமக்கு மேலுள்ள விலாவின் குருத்தெலும்பைப் பற்றிக்கொண்டு நிற்கும். கடைசி இரண்டும் முன்புறம் எதனையும் பற்றாது தசையினுள் முடிவன. மார்பெலும்பின் மேற்பகுதியில் விரலை வைத்துக் கீழே இழுத்தால் ஒரு சிறு மேடு தட்டுப்படும். இரண்டாம் விலா அம்மேட்டின் பக்கத்தில் வந்து சேர்கின்றது. முதல் விலா காறையெலும்பின்கீழ் மறைந்திருத்தலால், வைத்தியர் இம்மேட்டிலிருந்தே எண்ணத் தொடங்குவர்.

இவ்விலாக்கள் படுக்கையாக அமைந்தனவல்ல என்பதே கருதத் தக்கது. கூரையின் கைமரங்கள் முகட்டிலிருந்து சரிவதுபோல, முதுகிலிருந்து முன்னோக்கிக் கீழே சரிகின்றன. சரிந்த ஒன்றை உயர்த்தினால் அதன் முனை முன்னே தள்ளும். தெருவிலுள்ள அடிபம்பின் கைப்பிடியைத் தூக்கிப் பார்த்தோர் இதனை அறிவர். மேல் விலாக்கள் உயரும்போது மார்பெலும்பு இவ்வாறே முன்னே வருகின்றது. கீழ் விலாக்களின் செய்தி வேறு. அவற்றின் நடுப்பகுதி இரு முனைகளினும் தாழ்ந்து தொங்குவது, வாளியின் வாயோரத்தில் சாய்ந்து கிடக்கும் பிடியைப் போன்றது. பிடியைத் தூக்கினால் அது பக்கவாட்டில் விலகி மேலெழுமன்றோ? அவ்விலாக்களும் அங்ஙனமே உயர்ந்து மார்பை அகலச் செய்கின்றன. விலாக்களினிடையே பாய்முடைந்தாற்போல் ஒன்றன்மேலொன்றாக எதிரெதிர்ச் சாய்வில் தசைப் படலங்கள் உள. வெளிப்படலம் விலாவை உயர்த்தும். உட்படலத்தின் பெரும்பகுதி தாழ்த்தும்.

எனினும் அமைதியாக மூச்சு விடுகையில் பெரும்பணி இவற்றினதன்று. மார்புக் கூட்டின் அடித்தளமாக விரிந்துள்ள உதரவிதானம் என்னும் தசையே ஏறத்தாழ முக்கால் பங்கு வேலையைச் செய்கின்றது. விதானம் என்பது மேற்கட்டி. வயிற்றினின்று நோக்குவார்க்கு அது மேற்கட்டியே. மார்பினின்று நோக்குவார்க்குத் தரை. ஈழநாட்டார் இதனைப் பிரிமென்றகடு என்பர். எனக்கு அப்பெயரே பிடித்திருக்கின்றது. எப்பக்கம் நின்று நோக்கினும் பொருந்துமன்றோ? குவிந்த குடைபோல் மேனோக்கி நிற்கும் இத்தசை சுருங்குங்கால் தட்டையாகிக் கீழிறங்கும். அமைதியான மூச்சில் அது இறங்குவது 1 அல்லது 2 செண்டிமீட்டர்; ஆழ்ந்த மூச்சில் 10 வரையிலும் இறங்கும். கீழே தள்ளுண்ட குடலும் ஈரலும் போக்கிடமின்றி வயிற்றை முன்னே தள்ளும். உறங்கும் குழந்தையின் வயிறு ஏறித் தாழ்வது இதனாலேயே. இத்தசைக்குரிய நரம்பு அருகிலிருந்து வராமல் கழுத்திலிருந்து புறப்பட்டு மார்பு முழுவதையும் கடந்து வருகின்றது. கருவில் இத்தசை கழுத்தருகே தோன்றிப் பின்னர்த் தாழ்ந்ததே காரணம். கழுத்தின் மேற்பகுதி முறிந்தார்க்கு மூச்சே நிற்பதும் அதனால்தான்.

இச்சொற்களையெல்லாம் தமிழிற் சொல்ல இயலுமோ என்று ஐயுறுவார் இன்றும் உளர். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிரீன் என்பார்க்கு அவ்வையம் எழவில்லை. மானிப்பாயில் இருந்துகொண்டு தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். மாணாக்கருடன் கூடி நூல்களைப் பெயர்த்தார். கிரே என்பாரின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல் மனுஷ அங்காதிபாதம் என்னும் பெயரால் 1872இல் தமிழில் வந்தது. எம்மனோர் ஆனர்ஸ் வகுப்பில் உரைநடை வரலாறு பயிலுங்கால் இந்நூல்களையும் ஒரு வரியிலேனும் நினைக்கலாம் என்பது என் கருத்து.

இனி நுரையீரல். ஆட்டிறைச்சிக் கடையில் இதனைக் கண்டோர் பலராயிருப்பர். நீரிலிட்டால் மிதக்கும், விரலால் அழுத்தினால் நுரை நசுங்குவதுபோல் நெறுநெறுக்கும். பெயரிட்டோர் கண்ணாற் கண்டே இட்டனர் என்க. இவ்வுறுப்பு தானே விரிந்து காற்றை இழுக்கின்றது என்று பலரும் எண்ணுகின்றனர். அங்ஙனமன்று, விரிதற்குரிய தசை அதனிடத்து இல்லை. 17ஆம் நூற்றாண்டில் ஜான் மேயோ என்னும் ஆங்கிலேயர், துருத்தியொன்றின் உள்ளே விலங்கின் நீர்ப்பையை வைத்து, பையின் வாய் மட்டும் வெளிக்காற்றுக்குத் திறந்திருக்கும்படி செய்து காட்டினார். துருத்தியை விரித்தால் பை தானே காற்றால் நிறையும், மூடினால் ஒடுங்கும். துருத்தியே மார்புச்சுவர், பையே நுரையீரல். மார்பு விரிதலாற் காற்றுப் புகுகின்றதேயன்றிக் காற்றுப் புகுதலால் மார்பு விரியவில்லை. கொல்லன் துருத்திக்குத் தோல் கொடுத்த நம் பக்கத்தார்க்கு இவ்வுவமையை மேலும் விளக்க வேண்டா.

ஆயினும் மேயோவின் துருத்தியில் இல்லாத ஒன்று நம் மார்பில் உண்டு. நுரையீரலின் மேலே ஓர் உறையும், மார்புச்சுவரின் உட்புறத்தே ஓர் உறையும் உள. இரண்டிற்கும் நடுவே இருப்பது சில துளி நீரே. நனைந்த இரு கண்ணாடித் துண்டுகளை ஒன்றன்மேலொன்று வைத்தால் வழுக்கும். பிரிக்கப் புகுந்தாலோ பிரியா. அவ்வுறைகளும் அத்தன்மையனவே. நுரையீரலோ இழுத்த ரப்பர்போல் எப்பொழுதும் சுருங்க முயல்வது; மார்புச்சுவர் வளைத்த வில்லைப்போல் வெளியே விரிய முயல்வது. இவ்விரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருத்தலால், உறைகளின் நடுவே உள்ள அழுத்தம் வெளிக்காற்றினும் ஏறத்தாழ 5 செண்டிமீட்டர் நீரளவு குறைந்து நிற்கும். மூச்சை இழுக்கையில் இது 8 வரை குறைகின்றது. நுரையீரலினுள்ளே ஏற்படும் குறைவு 1 செண்டிமீட்டரளவே. அவ்வளவு சிறு வேற்றுமையால் 500 மில்லிலிட்டர் காற்று உட்புகுகின்றது. அதனுள் 150 மில்லிலிட்டர் குழாய்களிலேயே தங்கி, இரத்தத்தைக் காணாமலே திரும்பிவிடும். அமைதியாக மூச்சு வெளியேறுங்கால் எத்தசையும் உழைப்பதில்லை. விரிந்தது சுருங்குகின்றது, அவ்வளவே. நிமிடத்திற்கு 15 முறையெனக் கொண்டால் நாளொன்றுக்கு 10,000 லிட்டர்க்கு மேற்பட்ட காற்று இவ்வழியாற் போய் வருகின்றது.

பேச்சு பிறப்பது இவ்வெளிமூச்சிலேயாம். தொல்காப்பியர் பிறப்பியலில், எழுத்துக்குரிய வளி உந்தியிலிருந்து எழுந்து நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நிலைபெறும் என்று வகுத்ததை நாம் முதலாண்டிலேயே நெட்டுருச் செய்தோம். காற்று இருப்பது நெஞ்சில். உந்தியை ஏன் சொன்னார் என்று அப்போது வியந்தேன். உதரவிதானம் இறங்க உந்தி எழுவதையும், வயிற்றுத் தசைகள் ஒடுங்கக் குரல் வலுப்பெறுவதையும் கண்டபின் அவ்வியப்பு நீங்கிற்று. அவர் உதரவிதானத்தை அறிந்திருந்தார் என்று யான் சாதிக்கவில்லை. பேசும்போது கையை வயிற்றின்மேல் வைத்துப் பார்த்திருப்பார், அதுவே போதும். நீண்ட வாக்கியமொன்றைச் சொல்லுங்கால் மார்பு ஒருங்கே சரிந்துவிடாதபடி விலாத்தசைகள் முதலில் தடுத்துப் பிடித்து, காற்றைச் சிறிது சிறிதாக விடுகின்றன. காற்றுக் குறைந்தபின் உட்படலமும் வயிற்றுத் தசையும் அழுத்தி எஞ்சியதை வெளியேற்றுகின்றன.

இவ்வளவும் அறிந்தபின் பாட்டனாரின் முதுகு எனக்கு விளங்கலாயிற்று. க்ஷயம் நுரையீரலின் மேற்பகுதியை அரித்துக் குகைபோன்ற பள்ளத்தை உண்டாக்கும். புண் ஆறவேண்டுமாயின் அதன் ஓரங்கள் ஒன்றோடொன்று பொருந்தவேண்டும். மார்புச்சுவரோ நுரையீரலை ஓயாது வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கின்றது. பள்ளத்தின் வாய் மூடுவதெங்ஙனம்? உயிரைக் காக்கும் அவ்விழுப்பே புண்ணைத் திறந்து வைக்கின்றது. இத்தாலி தேசத்துப் போர்லானினி என்பார், உறைகளின் நடுவே ஊசியாற் காற்றைச் செலுத்தி நுரையீரலைச் சுருங்கவிடலாம் என்று 1882இல் எழுதினார். பின்னர் அம்முறை உலகெங்கும் பரவிற்று. ஊசியை எப்போதும் கீழ் விலாவின் மேலோரத்தை ஒட்டியே செலுத்துவர். ஒவ்வொரு விலாவின் கீழோரத்திலும் இரத்தக் குழாயும் நரம்பும் ஓடுகின்றன ஆதலின். இன்று மார்பில் நீர் எடுப்போரும் இவ்விதியையே பின்பற்றுகின்றனர்.

உறைகள் நோயால் ஒட்டிக்கொண்டவர்க்கு ஊசி பயன்படவில்லை. நுரையீரலைச் சுவரினின்று பிரிக்க இயலாதாயின், சுவரையே உள்ளே சாய்ப்பது என்று துணிந்தனர். முதுகின் வழியே திறந்து, விலாவென்பைப் போர்த்திய மெல்லுறையை மட்டும் விட்டுவிட்டு, என்பை எடுத்துவிடுவர். தாங்குவதற்கு ஒன்றுமின்மையால் சுவர் சரிந்து புண்ணை மூடும். விடப்பட்ட உறையிலிருந்து சில மாதங்களில் புதிய என்பு வளர்ந்து, சரிந்த நிலையிலேயே சுவரை உறுதியாக்கும். ஏழு என்புகளையும் ஒரேமுறையில் எடுப்பதில்லை. எடுத்தால், மூச்சை இழுக்கும்போது அப்பக்கச் சுவர் வெளியே விரிவதற்கு மாறாக உள்ளே அமுங்கும், விடும்போது புடைக்கும். அங்ஙனமாயின் மூச்சு பயனற்றுப் போகும். பாட்டனார்க்கு முதலில் மூன்றும், சில வாரங் கழித்து நான்கும் எடுத்தனர். மயக்காமல், மரக்கச் செய்து மட்டுமே அறுத்தனராம். வலியைப் பற்றி அவர் பேசியதில்லை. என்பை நறுக்கிய ஓசையைப் பற்றி ஒருமுறை சொன்னார்.

ரீவ் பெட்ஸ் என்னும் அமெரிக்க ரணவைத்தியர் 1948இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, மார்பு ரணவைத்தியத்திற்கெனத் தனிப் பகுதியொன்றை ஏற்படுத்தினார். இந்தியாவில் அத்தகையவற்றுள் அதுவே முதலாவது. க்ஷயம் மலிந்திருந்த அக்காலத்தில் மார்பைத் திறக்கக் கற்ற கைகளே பின்னர் இருதயத்தையும் தொடத் துணிந்தன. ஆனால் விலாவெடுக்கும் முறைக்கு ஆயுள் மிகவில்லை. 1944இல் வெளிப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசினும் அதனைத் தொடர்ந்த மாத்திரைகளும் கிருமியையே கொன்றன. 1956இல் சென்னைச் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம், நோயாளர் சிலரை ஆரோக்கிய சாலையிலும் சிலரை அவரவர் ஏழ்மையான வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்து ஒப்பிட்டது. வீட்டிலிருந்தோரும் அவர்களுக்கு ஒப்பாகவே குணமடைந்தனர் என்று 1959இல் முடிவு வெளிவந்தது. படுக்கையும் மலைக்காற்றும் கத்தியும் பெரும்பாலார்க்கு வேண்டாதனவாயின. பாட்டனார் சில ஆண்டுகள் பிந்தி நோயுற்றிருப்பின் அவருடைய விலாக்கள் அவரிடமே இருந்திருக்கும். இதனை அவரிடம் யாரோ சொன்னபோது, "பிந்தியிருந்தால் உன் பாட்டியை வேறொருவர் மணந்திருப்பார்" என்றாராம்.

எஞ்சியது அவர் எங்ஙனம் மூச்சு விட்டார் என்பது. உதரவிதானம் இருபுறமும் குறைவின்றி இருந்தது. இடப்பக்க விலாக்கள் முழுவதும் இருந்தன. வலத்திலும் கீழ் ஐந்தும் எஞ்சின. ஓய்ந்திருப்பதற்கு இவை போதும். ஏலகிரிக்கு நடந்தேறுவதற்கும், ஒரே மூச்சில் நெடிது பேசுவதற்கும் வேண்டிய மிகைக் காற்றே அவரிடம் இல்லை. இரவில் அவர் விவிலியத்தை உரக்க வாசிக்கையில், நெடிய வாக்கியங்களில் நிறுத்தம் அச்சிலுள்ள இடத்தில் விழாது. காற்று முடிந்த இடத்தில் விழும். சில வேளை எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவிலே, சில வேளை ஒரு சொல்லின் பாதியிலே. வீட்டில் யாவரும் அந்நிறுத்தங்களுக்குப் பழகியிருந்தோம். அப்பகுதிகளை யான் இன்றும் அவ்விடங்களிலேயே நிறுத்தி வாசித்துவிடுகின்றேன். கேட்போர் நிறுத்தம் பிழையென்கின்றனர்.