பக்கத்து ஆஸ்பத்திரியைத் தாண்டி ஓடும் ஆம்புலன்ஸ்!

பக்கவாத நோயாளிகளைக் காப்பாற்ற லண்டன் நகரம் செய்த ஏற்பாடு

லண்டன் நகரில் ஒரு வீடு. காலை நேரம். வீட்டுக்காரர் டீ குடித்துக்கொண்டிருக்கிறார். திடீரென்று கோப்பை கை நழுவி விழுகிறது. வாய் ஒரு பக்கமாகக் கோணுகிறது. பேச்சு குழறுகிறது.

மனைவி பதறிப் போய் 999 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்கிறார். ஆம்புலன்ஸ் விரைந்து வந்து நோயாளியை ஏற்றிக்கொள்கிறது.

இரண்டு தெரு தள்ளி ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் வண்டி அங்கே நிற்கவில்லை! அதைத் தாண்டி ஓடுகிறது.

"ஐயோ! ஏன் இங்கே நிறுத்தவில்லை?" என்று மனைவி துடிக்கிறார்.

யாராக இருந்தாலும் இப்படித்தான் கேட்பார்கள். 2010ஆம் ஆண்டில் அந்த நகரம் செய்த ஏற்பாட்டில் இதற்கு விடை இருக்கிறது.

நிமிடத்துக்கு 19 லட்சம்

பக்கவாதத்தில் கையும் காலும் விழுந்துவிடுகின்றன. ஆனால் நோய் இருப்பது மூளையில். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் ரத்தக்கட்டி அடைத்துக்கொள்ளும். சிலருக்குக் குழாய் வெடித்து ரத்தம் கசியும். அடைப்பினால் வருவதே அதிகம்.

பெரிய குழாய் அடைபட்டால், ஒவ்வொரு நிமிடமும் மூளையில் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன.

கட்டியைக் கரைக்க மருந்து உண்டு. நோய் கண்ட நாலரை மணி நேரத்துக்குள் அதை ஊசி மூலம் செலுத்தவேண்டும். ஆனால் ரத்தக் கசிவு உள்ளவருக்கு அதே மருந்தைக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து!

அடைப்பா, கசிவா? வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஆகவே இரவு பகல் எந்நேரமும் ஸ்கேன் எடுக்க ஆள் வேண்டும். படத்தைப் பார்த்து முடிவு சொல்ல டாக்டர் வேண்டும். பழகிய நர்சுகள் வேண்டும். எல்லா ஆஸ்பத்திரியிலும் இது நடக்கிற காரியமா?

முப்பது போய் எட்டு

முன்பு லண்டனில் சுமார் 30 ஆஸ்பத்திரிகள் பக்கவாத நோயாளிகளை அவசரமாகச் சேர்த்துக்கொண்டன. சிகிச்சையின் தரம் இடத்துக்கு இடம் வேறுபட்டது.

2010ல் 8 ஆஸ்பத்திரிகள் மட்டும் இதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டன. நகரின் எந்த மூலையிலிருந்தும் ஆம்புலன்ஸ் 30 நிமிடத்தில் போய்ச் சேரும்படி இடங்கள் வகுக்கப்பட்டன. தேவையான டாக்டர்களும் நர்சுகளும் அங்கே 24 மணி நேரமும் இருக்க ஏற்பாடாயிற்று.

நோயாளி வருகிற செய்தி முன்னதாகவே போய்விடும். வண்டி வந்ததும் நேரே ஸ்கேன். 72 மணி நேரம் வரை அங்கே சிகிச்சை. பிறகு வீட்டுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு மாற்றுவார்கள். நடக்கவும் பேசவும் பயிற்சி அங்கே தொடரும்.

மான்செஸ்டர் கற்ற பாடம்

அதே 2010ல் மான்செஸ்டர் வட்டாரத்திலும் இப்படி ஓர் ஏற்பாடு நடந்தது. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்கள். நோய் கண்டு 4 மணி நேரத்துக்கு உட்பட்டவர்களை மட்டுமே விசேஷ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவது. மற்றவர்களைப் பக்கத்து ஆஸ்பத்திரியில் சேர்ப்பது.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. நடந்தது என்ன?

லண்டனில் 100 நோயாளிகளில் சுமார் 93 பேருக்கு விசேஷப் பிரிவில் சிகிச்சை கிடைத்தது. மான்செஸ்டரில் 39 பேருக்குத்தான் கிடைத்தது!

2014ல் ஆராய்ச்சி முடிவு வெளியாயிற்று. லண்டனில் புதிய ஏற்பாட்டினால் ஆண்டுக்கு 96 உயிர்கள் கூடுதலாகப் பிழைத்ததாகக் கணக்கிட்டார்கள். மான்செஸ்டரில் நோயாளிகள் படுக்கையில் கிடந்த நாட்கள் குறைந்தன. ஆனால் சாவு மற்ற ஊர்களைவிடக் கூடுதலாகக் குறையவில்லை.

2015ல் மான்செஸ்டர் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. 4 மணி நேரம் கடந்தவர்களையும் விசேஷ ஆஸ்பத்திரிக்கே கொண்டு போகலாயினர்.

வீட்டார் கடமை

ஏற்பாடு எவ்வளவு நன்றாக இருந்தாலும், வீட்டில் காலம் கடத்தினால் பயன் இல்லை. "கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும்" என்று எண்ணுவது பெரும் தவறு.

முகம் கோணுகிறதா? ஒரு கை தூக்க முடியாமல் விழுகிறதா? பேச்சு குழறுகிறதா? இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டும்.

நோயாளி கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். டாக்டர் கட்டாயம் கேட்கும் கேள்வி அது. பதில் சொல்ல நோயாளியால் முடியாது, வீட்டாரால்தான் முடியும்!