ஆடுகிற கால்களுக்கு யார் பொறுப்பு?

கல்லூரி வீரர்களுக்குச் சம்பளமும் சங்கமும் வேண்டுமா? அமெரிக்க நீதிமன்றங்களில் நடக்கும் வழக்கு, நம் தேனி மாவட்டத்துப் பிள்ளைகளின் வழக்கும்தான்.

பெரியகுளத்தில் கோடையில் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடக்கும்போது, வீரபாண்டி, போடி, சின்னமனூர் பக்கத்துப் பிள்ளைகள் சாயங்கால பஸ் பிடித்துப் போய்விடுவார்கள். சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகளாக நடத்திவரும் போட்டி அது. வங்கி அணி, படை அணி, கல்லூரி அணி எல்லாம் ஒரே தரையில் மோதும். வங்கிப் பணியில் இருக்கும் ஆட்டக்காரருக்கு மாதச் சம்பளம் உண்டு, மருத்துவச் செலவுக்கு வழி உண்டு. அவரை மறித்து நிற்கும் கல்லூரி மாணவருக்குக் கட்டணச் சலுகை, விடுதிச் சாப்பாடு, ஒரு ஜெர்சி, வெளியூர் போனால் பேட்டா. முழங்கால் ஜவ்வு கிழிந்தால் இருவருக்கும் ஒரே வலிதான். ஆஸ்பத்திரி பில் யார் தலையில் விழுகிறது என்பதில்தான் வித்தியாசம்.

அமெரிக்காவில் இந்த வித்தியாசம் நீதிமன்றம் ஏறி எழுபது ஆண்டாகிவிட்டது. 1955-ல் கொலராடோவில் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரிக்காக அமெரிக்க ஃபுட்பால் ஆடிய ரே டென்னிசன் என்ற மாணவர் ஆட்டத்தில் அடிபட்டு இறந்தார். தொழிலாளர் இழப்பீடு கேட்டு அவர் மனைவி வழக்குப் போட்டார். கல்லூரி ஒன்றும் ஃபுட்பால் வியாபாரம் நடத்தவில்லை என்று 1957-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. பிறகு அதே விளையாட்டு, தொலைக்காட்சி உரிமையில் கோடி கோடியாகக் கொட்டும் வியாபாரமாகவே வளர்ந்தது. 2014-ல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஃபுட்பால் வீரர்கள் ஊழியர்களே என்று தொழிலாளர் வாரியத்தின் வட்டார அதிகாரி தீர்ப்பளித்தார். மறு ஆண்டே வாரியம் அந்த வழக்கில் தலையிட மறுத்து ஒதுங்கிக்கொண்டது. 2024 மார்ச்சில் டார்ட்மத் கல்லூரிக் கூடைப்பந்து அணி சங்கத்தில் சேர 13-க்கு 2 என்று வாக்களித்தது. ஆண்டு முடிவதற்குள் சங்க அங்கீகாரம் கேட்ட மனுவும் திரும்பப் பெறப்பட்டது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஒரு சமரசத்தின்படி, அதில் சேர்ந்த ஒவ்வொரு கல்லூரியும் முதல் ஆண்டில் 2.05 கோடி டாலர் வரை வீரர்களுக்குப் பங்கு தரலாம். பணம் கிடைத்துவிட்டது, ஊழியர் என்ற உரிமை இன்னும் கிடைக்கவில்லை.

சென்னையில் நடந்தது

நம் கல்லூரிகளுக்குத் தொலைக்காட்சிப் பணம் வருவதில்லை. அதனால் அங்கே கேட்கும் சம்பளத்தை இங்கே அப்படியே கேட்பதில் பொருளில்லை. ஆனால் டென்னிசனின் மனைவி கேட்ட கேள்விக்கு நம்மிடமும் பதில் இல்லை.

2022 நவம்பரில் சென்னை ராணி மேரிக் கல்லூரி மாணவி, 17 வயதுக் கால்பந்து வீராங்கனை, மூட்டு ஜவ்வு அறுவைச் சிகிச்சைக்குப் பின் காலை இழந்து, பிறகு உயிரையும் இழந்தார். அரசு 10 லட்சம் ரூபாயும், அண்ணனுக்கு வேலையும் கொடுத்தது. அதே ஆண்டு ஜூலையில் பண்ருட்டி அருகே கபடி ஆடிக்கொண்டிருந்த 22 வயதுக் கல்லூரி மாணவர் களத்திலேயே விழுந்து இறந்தார். ஊரே கொந்தளித்தால் நிவாரணம் வரும். கொந்தளிக்காத ஊரில், பேப்பரில் பெயர் வராத பையன் கால் ஒடிந்து கிடந்தால் என்ன வரும்? ஆலையில் கை நசுங்கினால் முதலாளி பணம் தர வேண்டும் என்று 1923-லேயே இந்தியாவில் சட்டம் வந்துவிட்டது. கபடிக் களத்தில் கால் நசுங்கினால் கருணைதான் கதி.

இதுவும் வேலைதான்

'சீட்டு கொடுத்தோம், சோறு போட்டோம், இன்னும் என்ன?' என்பது நிர்வாகங்களின் வாதம். அந்த வாதமே இது வேலை என்பதற்குச் சாட்சி. காலையில் மைதானம், மாலையில் மைதானம், இடையில் வகுப்பு. பல்கலைக்கழகப் போட்டிக்கு பி.டி. சார் கூப்பிட்டால் தேர்வு நெருங்கினாலும் போயாக வேண்டும். கோப்பை கல்லூரி அலமாரிக்கு. வீரனின் படம் அடுத்த ஆண்டு அட்மிஷன் விளம்பரத்துக்கு. திராட்சைத் தோட்டக் கூலிக்காரர் வீட்டுப் பையனுக்கு அந்த ஸ்போர்ட்ஸ் கோட்டா சீட்டுதான் கூலி. ஆனால், அடிபட்டு ஒரு சீசன் உட்கார்ந்தால் சலுகை நீடிக்குமா, ஸ்கேனுக்கு யார் பணம் கட்டுவார்கள் என்பதெல்லாம் பெரும்பாலும் வாய்ப்பேச்சோடு நிற்கிறது. எழுத்தில் ஒரு வரி இருக்காது.

'ஆடினால் அரசு வேலை கிடைக்கிறதே' என்பார்கள். தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருப்பது நல்ல விஷயம். ஆனால் அது, அடிபடாமல் மேலே போய்ச் சான்றிதழ் வாங்கியவருக்கு. வழியிலேயே மூட்டு போனவருக்கு அந்தக் கதவு திறக்காது. கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வானவர்களுக்கு மாதம் 10,000 ரூபாய் கைச்செலவுக்குக் கிடைக்கிறது. அதற்கு வெளியே நிற்பவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம்.

சங்கம் எதற்கு?

1918-ல் சென்னை பி அண்டு சி மில் தொழிலாளர்கள் பி.பி.வாடியா, திரு.வி.க. போன்றோர் துணையோடு சங்கம் வைத்தபோது, கூலி உயர்வோடு மனிதராக நடத்தப்படுவதையும் கேட்டார்கள். நம் கல்லூரி வீரர்களுக்கும் அந்தத் தொடக்கமே போதும். இந்தியக் கால்பந்து வீரர்களுக்கு 2006-லிருந்தே ஒரு சங்கம் இருக்கிறது. 2025-ல் வந்த தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டமும் வீரர் குழுக்களைக் கட்டாயமாக்குகிறது. அந்த வாசல் தேசிய அமைப்புகளோடு நின்றுவிடக் கூடாது. கல்லூரி மைதானம் வரை வர வேண்டும்.

மூன்று விஷயங்களை உடனே செய்யலாம். ஸ்போர்ட்ஸ் கோட்டா சீட்டுக்கு எழுத்தில் ஒப்பந்தம்: காயம்பட்டாலும் படிப்பு முடியும்வரை சலுகை தொடரும் என்ற உறுதியோடு. களத்தில் இறங்கும் ஒவ்வொரு மாணவருக்கும் கல்லூரி செலவில் விபத்து, மருத்துவக் காப்பீடு. பல்கலைக்கழக அளவில், வீரர்களே தேர்ந்தெடுக்கும் சங்கம். புகார் சொன்னவரை அணியிலிருந்து தூக்க முடியாத பாதுகாப்பும் அதோடு சேர்ந்தது. இவற்றுக்கு மேல், டிக்கெட்டோ ஸ்பான்சரோ வந்து வருமானம் கிடைக்கும் இடத்தில், அதில் ஒரு பங்கும் வேண்டும்.

'இதற்கெல்லாம் செலவழிக்க வேண்டியிருந்தால் அணியையே கலைத்துவிடுவோம்' என்று சில கல்லூரிகள் சொல்லக்கூடும். ஒரு மாணவரின் காலுக்குக் காப்பீடு எடுக்க முடியாத கல்லூரிக்கு, அந்தக் காலால் வரும் கோப்பையைக் கேட்கும் தகுதி கிடையாது. அடுத்த அட்மிஷனில் கையெழுத்துப் போடும் முன், 'இதை எழுதிக் கொடுங்கள்' என்று பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்தே கேட்கட்டும். பத்து வீட்டார் ஒன்றாகக் கேட்டால், அதுதான் சங்கத்தின் முதல் கூட்டம்.