நோயைக் காட்டிக் கொடுக்கும் 'ஊஸ்'

பயிர் நோய் பற்றிய பிரசுரங்களிலும், வேளாண்மை அலுவலர்களின் பேச்சிலும் 'ஊஸ்' என்ற ஆங்கிலச் சொல் அடிக்கடி வருகிறது. கெட்டியான நீர் மெல்ல மெல்லக் கசிந்து வடிவதையே இச்சொல் குறிக்கும். குளத்தின் அடியில் படியும் நெகிழ்ந்த சேற்றுக்கும் இதே பெயர்தான். ஆங்கிலத்தில் முற்காலத்தில் இவை இரண்டு தனிச் சொற்கள். ஒன்று சாறு என்றும், மற்றொன்று சேறு என்றும் பொருள்பட்டன. நாளடைவில் இரண்டும் ஒரே உருவம் பெற்றன.

நாம் 'கசிவு' என்று சொல்லி விடலாம். ஆனால் பயிர் நோயில் இதற்குத் தனிப் பொருள் உண்டு. நோயுற்ற செடியின் நீர்க் குழாய்களில் பெருகிய பாக்டீரியாக்கள், பிசினும் நீருமாகத் திரண்டு வெளியே வடிவதே 'ஊஸ்'. இதைக் கண்டறியத் தெரிந்தால் வீண் மருந்துச் செலவு மிச்சமாகும்.

நெற்பயிரில்

பாக்டீரியா இலைக்கருகல் நோயில் இலையின் நுனியிலிருந்து ஓரம் வழியாக, அலை போன்ற விளிம்புடன் மஞ்சள் நிறம் கீழிறங்கும். விடியற்காலையில் அந்த இடங்களில் பால் போன்ற கலங்கிய துளிகள் நிற்கும். வெயில் ஏறியதும் அவை காய்ந்து பொருக்காகும். நல்ல இலையில் நிற்கும் பனித்துளியோ தெளிவாக இருக்கும்.

நட்ட சில வாரங்களில் நாற்று வாடிக் காய்ந்தால், தண்டு துளைப்பான் என்று எண்ணிப் பலர் பூச்சி மருந்து தெளித்து விடுகின்றனர். வாடிய நாற்றைப் பிடுங்கி, அடித்தண்டை வெட்டி விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். மஞ்சள் நிறக் கசிவு வந்தால் அது பாக்டீரியாவின் வேலை. பூச்சி மருந்தால் பயனில்லை.

ஜப்பானில் ஃபுகுவோகா பகுதி உழவர்கள் 1884-ல் இந்நோயை முதலில் கண்டனர். நம் நாட்டில் 1963-ல் பீகாரில் இது பெரும் சேதம் விளைவித்தது.

தக்காளி, கத்தரியில்

காய்க்கும் பருவத்தில் செடி பச்சையாகவே திடீரென வாடுவதுண்டு. அவ்வாறு வாடிய செடியின் அடித்தண்டில் விரல் நீளத் துண்டு ஒன்றை வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த நீர் ஊற்றி, வெட்டு வாய் நீரில் படும்படி அசையாமல் பிடிக்க வேண்டும். பாக்டீரியா வாடல் நோயானால் சில நிமிடங்களில் வெண்மையான நூல் போன்ற கசிவு கீழே இறங்கும். பூசண வாடலில் இக்கசிவு இராது. வேரில் முடிச்சுகள் இருந்தால் நூற்புழுவைச் சந்தேகிக்கலாம்.

செய்ய வேண்டியவை

நெல்லில் கசிவு தென்பட்டால் தழைச்சத்து இடுவதை உடனே நிறுத்த வேண்டும். நோயுள்ள வயலின் நீரை அடுத்த வயலுக்கு விடலாகாது. நடவின்போது நாற்றின் நுனியைக் கிள்ளுவதைத் தவிர்க்க வேண்டும்; காயத்தின் வழியே பாக்டீரியா எளிதில் நுழையும். 100 லிட்டர் நீருக்கு 20 கிலோ புதிய பசுஞ்சாணம் வீதம் கரைத்து, தெளிய வைத்து வடிகட்டி, நோய் தோன்றியதும் ஒரு முறையும், 15 நாள் கழித்து மறு முறையும் தெளிக்கலாம். இந்நோய் ஆண்டுதோறும் வரும் இடங்களில் எதிர்ப்புத் திறன் கொண்ட ரகமே நல்லது. ஆந்திரா பொன்னி எனப்படும் பி.பி.டி. 5204 ரகத்தில் எதிர்ப்புத் திறன் சேர்த்து உருவான 'மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி' 2008-ல் வெளியிடப்பட்டது.

தக்காளி, கத்தரியில் வாடிய செடியை வேர் மண்ணுடன் அகற்றி அப்புறப்படுத்த வேண்டும். வாய்க்காலில் எறியக் கூடாது. இந்த பாக்டீரியா மண்ணிலேயே தங்கும். ஆகவே அந்நிலத்தில் மறுபடியும் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு வேண்டாம். நெல் அல்லது மக்காச்சோளம் பயிரிடலாம்.

மருந்துக் கடைக்குப் புறப்படுமுன் ஒரு டம்ளர் தண்ணீரில் சோதித்துப் பார்ப்பது நன்று. அந்தத் துண்டுத் தண்டையும் டம்ளரையும் வேளாண்மை அலுவலரிடம் காட்டி ஆலோசனை பெற்றால் பணமும் பயிரும் தப்பும்.