பழைய போர்ஷே 911: எக்ஸாஸ்ட் நட்டு அடம்பிடிக்குதா?

1998 வரை வந்த ஏர்-கூல்டு போர்ஷே 911-ல் எக்ஸாஸ்ட்டைக் கழற்றுவது மெக்கானிக்குகளுக்கே வயிற்றில் புளியைக் கரைக்கும் வேலை. 6 சிலிண்டருக்கு 12 ஸ்டட். பல வருஷச் சூட்டிலும் துருவிலும் நட்டு ஸ்டட்டோடு ஒட்டிக்கிடக்கும். முரட்டுத்தனமா ஸ்பேனரை அழுத்தினா ஸ்டட் முறியும். அலுமினிய ஹெட்டுக்குள்ள மாட்டின அந்தத் துண்டை டிரில் போட்டுத்தான் எடுக்கணும். டிரில் நுழைய இடமில்லைன்னா இன்ஜினையே இறக்கணும்!

அதனால அவசரம் வேணாம். துரு இளக்கும் ஆயிலை முதல் நாளே அடிச்சு ஊறவிடுங்க. மறுநாள் ஆயிலை நல்லா துடைச்சிட்டு (இல்லைன்னா தீப்பிடிக்கும்), கேஸ் டார்ச்சில் நட்டை மட்டும் சூடாக்குங்க. நட்டு விரிஞ்சு பிடி தளரும். கொஞ்சம் லூஸ், கொஞ்சம் டைட்னு முன்னும் பின்னும் அசைக்கணும். 'கிரீச்'னு சத்தம் வந்தா நல்ல சகுனம். ரப்பர் மாதிரி முறுக்கிக்கிட்டே போனா உடனே நிறுத்திடுங்க. நட்டைப் பிளந்து எடுப்பதே லாபம். மாட்டும்போது செம்பு பூசிய புது நட்டு, மரையில் கொஞ்சம் ஆன்டி-சீஸ் பசை. பழைய நட்டு குப்பைக்கு.